ஒரே சேர்க்கை, இரண்டு கற்கள்: பைராக்ஸ்மாங்கைட் பிறக்கும் விதம்

கேள்வி: கனிமக் கண்காட்சி ஒன்றில் 'ரோடோனைட்' என்ற சீட்டு ஒட்டிய இளஞ்சிவப்புக் கல் ஒன்றை வாங்கினேன். அதைப் பார்த்த நண்பர், இது அதைவிட அரிதான பைராக்ஸ்மாங்கைட்டாக இருக்கலாம் என்கிறார். தேடிப் பார்த்தால் இரண்டுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே என்று போட்டிருக்கிறது. ஒரே பொருள் எப்படி இரண்டு கனிமங்களாகும்? இவை எங்கே, எப்படி உருவாகின்றன? வீட்டிலேயே பிரித்தறிய வழி உண்டா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வழி இல்லை. கண்ணால் பார்த்தோ, எடை போட்டோ, கத்தியால் கீறியோ இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டுமே இளஞ்சிவப்பு முதல் பழுப்புச் சிவப்பு வரை இருக்கும். மோஸ் அளவில் ரோடோனைட்டின் கடினத்தன்மை 5.5 முதல் 6.5, பைராக்ஸ்மாங்கைட்டுக்கு 5.5 முதல் 6. ரோடோனைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.57 முதல் 3.76 கிராம், பைராக்ஸ்மாங்கைட்டுக்கு 3.61 முதல் 3.80. உங்கள் கல் 3.68 என்று காட்டினால் யாரால் என்ன சொல்ல முடியும்? இரண்டும், ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு தளங்களில் சுலபமாகப் பிளக்கும். அதனால் உங்கள் நண்பரின் சந்தேகம் நியாயமானது, விற்றவரும் ஏமாற்றவில்லை. சந்தையில் ஒட்டப்படும் சீட்டுகளில் பெரும்பாலானவை கண் மதிப்பில் எழுதப்பட்டவைதான்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கல் ரோடோக்ரோசைட் அல்ல என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அதுவும் இளஞ்சிவப்பு மாங்கனீசுக் கனிமம்தான், ஆனால் சிலிகேட் அல்ல, கார்பனேட். கடினத்தன்மை 3.5 முதல் 4 வரைதான் என்பதால் எஃகுக் கத்தி தாராளமாகக் கீறும். சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைக்கும். மெருகேற்றிய கல்லின் முன்பக்கத்தில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

இனி, ஒரே சேர்க்கையில் இரண்டு கனிமங்கள் எப்படி என்ற கேள்வி. வைரமும் கிராஃபைட்டும் இரண்டுமே கார்பன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டும் முற்றிலும் வேறு கட்டமைப்புகள். நம் கதை அதைவிட நுட்பமானது. இங்கே இரண்டு கட்டமைப்புகளும் அண்ணன் தம்பி அளவுக்கு நெருக்கமானவை.

சிலிகேட் கனிமங்களின் அடிப்படை அலகு ஒரு நான்முகி. நடுவில் ஒரு சிலிக்கான், நான்கு மூலைகளிலும் ஆக்சிஜன். ஒவ்வொரு நான்முகியும் தன் இரண்டு மூலைகளை அக்கம்பக்கத்து நான்முகிகளோடு பகிர்ந்துகொண்டால் முடிவில்லாத ஒற்றைச் சங்கிலி கிடைக்கும். அப்போது ஒரு சிலிக்கானுக்கு மூன்று ஆக்சிஜன் என்று கணக்கு வரும். சங்கிலிகளுக்கு இடையில் ஒரு சிலிக்கானுக்கு ஒன்று என மாங்கனீசு அணுக்கள் உட்கார்ந்து அவற்றைப் பிணைக்கின்றன. ஆக ஒரு மாங்கனீசு, ஒரு சிலிக்கான், மூன்று ஆக்சிஜன். வாய்பாடு அவ்வளவுதான். வித்தியாசம் சங்கிலி எப்படி வளைகிறது என்பதில் இருக்கிறது.

பூக்காரர் சரம் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறார். சில இணைகளுக்கு ஒருமுறை ஒற்றைப் பூ ஒன்றைச் செருகுகிறார். வெறும் இணைகள் மட்டுமே வந்தால் அது பைராக்ஸீன் என்ற பெரிய கனிமக் குடும்பம். இரண்டு நான்முகிகளுக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வரும். ஓர் இணை, ஓர் ஒற்றை என்று வந்தால் மூன்றுக்கு ஒருமுறை திரும்பும்; அது கால்சியம் சிலிகேட்டான வொலாஸ்டனைட். இரண்டு இணை, ஓர் ஒற்றை என்றால் ஐந்து, அது ரோடோனைட். மூன்று இணை, ஓர் ஒற்றை என்றால் ஏழு, அதுதான் பைராக்ஸ்மாங்கைட். நான்கு இணை, ஓர் ஒற்றை என்ற ஒன்பது நான்முகி வரிசையும் இருக்கிறது. ஆய்வகத்தில் உயர் அழுத்தத்தில் செய்யப்பட்ட இரும்பு சிலிகேட் ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறார்கள். ரோடோனைட், பைராக்ஸ்மாங்கைட் இரண்டின் சங்கிலிகளையும் 1959இல் எக்ஸ்-கதிர் ஆய்வின் மூலம் வெளிக்கொண்டு வந்ததில் ஜெர்மானியப் படிகவியலாளர் ஃபிரீட்ரிஷ் லீபாவுக்கு முதன்மையான பங்கு உண்டு.

அந்த ஒற்றை எதற்காக? சங்கிலி தனியாக நிற்கவில்லை. அதற்கு இணையாக மாங்கனீசும் ஆக்சிஜனும் சேர்ந்த பட்டை ஒன்று ஓடுகிறது. பட்டையின் நீளத்துக்குச் சங்கிலி ஈடுகொடுத்தாக வேண்டும். பட்டையில் இருக்கும் அயனி பெரிதானால் பட்டை நீளும். சங்கிலி அடிக்கடி ஒற்றையைச் செருகித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆறு ஆக்சிஜன்களால் சூழப்பட்ட நிலையில் கால்சியத்தின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம், மாங்கனீசு 0.83, இரும்பு 0.78, மக்னீசியம் 0.72. பெரிய கால்சியம் மூன்றுக்கு ஒருமுறை ஒற்றையைக் கேட்கிறது. சிறிய மக்னீசியத்துக்கு ஒற்றையே தேவையில்லை, நேராகப் பைராக்ஸீன் ஆகிவிடுகிறது. மாங்கனீசு நடுவில் மாட்டிக்கொண்டு ஐந்தா ஏழா என்று தடுமாறுகிறது.

உங்கள் கேள்விக்கான விடையின் மையம் இந்தத் தடுமாற்றம்தான். மாங்கனீசு சிலிகேட்டில் எது பிறக்கும் என்பதை மாங்கனீசு தனியாக முடிவு செய்வதில்லை. உடன் யார் இருந்தார்கள், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஆக்சிஜன் என்பவை முடிவு செய்கின்றன. கொஞ்சம் கால்சியம் கலந்தால் ரோடோனைட்டின் பக்கம் தராசு சாய்கிறது. இரும்போ மக்னீசியமோ கலந்தால் பைராக்ஸ்மாங்கைட்டின் பக்கம். கலப்பே இல்லாத தூய சேர்க்கையில், அழுத்தம் கூடினால் அடர்த்தி மிகுந்த பைராக்ஸ்மாங்கைட் நிலைக்கும். வெப்பம் கூடினால் ரோடோனைட் நிலைக்கும். 1972இல் ஜப்பானின் அகிமோட்டோவும் ஸ்யோனோவும் தூய மாங்கனீசு சிலிகேட்டை அழுத்திக்கொண்டே போனபோது, ரோடோனைட், பைராக்ஸ்மாங்கைட், பைராக்ஸீன், கடைசியில் கார்னெட் போன்ற அமைப்பு என்று படிப்படியாக மாறியது. அழுத்த அழுத்த ஒற்றைகள் குறைந்து, இறுதியில் சங்கிலியே இல்லாமல் போகிறது என்று இதை வாசிக்கலாம்.

ஐந்துக்கும் ஏழுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியது. அதனால் படிகம் வளரும்போதே கணக்குத் தவறுவதுண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ரோடோனைட் படிகத்துக்குள் ஏழு வரிசைக் கீற்றுகளும், பைராக்ஸ்மாங்கைட் படிகத்துக்குள் ஐந்து வரிசைக் கீற்றுகளும் அடுக்கடுக்காகச் செருகிக் கிடப்பது தெரியும். ஒரே கல்லில் இரண்டும் இருக்கலாம் என்பதை உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள்.

இந்தக் கனிமத்தின் அறிமுக வரலாறே ஒரு குழப்பத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஐவா என்ற ஊருக்கு அருகே கிடைத்த பழுப்பு நிறப் பொருளை 1913இல் ஃபோர்டு, பிராட்லி என்ற இருவர் விவரித்தார்கள். பைராக்ஸீன் குடும்பத்தின் புதிய உறுப்பினர் என்று நினைத்தே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அது பைராக்ஸீன் இல்லை என்பது சங்கிலி தெரிந்த பிறகுதான் தெளிவானது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 1917இல் ஸ்வீடனில் இரும்பும் மாங்கனீசும் செறிந்த உருமாறிய (அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றம் அடைந்த) பாறைகளில் இதே கனிமம் மறுபடி கிடைத்தபோது 'சோப்ரலைட்' என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் ஹோசே மரியா சோப்ரல். அர்ஜென்டினாக் கடற்படையைச் சேர்ந்தவர். ஸ்வீடன் நாட்டு அண்டார்க்டிகா பயணத்தில் சேர்ந்து பனிக்கண்டத்தில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தவர். பின்னர் ஸ்வீடனுக்குப் போய் உப்சாலாவில் புவியியல் படித்தவர். இப்படிப்பட்ட மனிதரின் பெயர் நிலைக்காமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 1936இல் இரண்டும் ஒன்றே என்று காட்டப்பட்டது. முந்திய பெயருக்கே உரிமை என்பது கனிமவியல் மரபு.

சரி, எப்படி உருவாகிறது? இதற்குக் கடலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்த நிலையில் வெளிவருகின்றன. நிலத்திலிருந்து ஆறுகள் கொண்டு வருவதும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் வேதியியலில் நெருங்கிய உறவினர்கள் என்றாலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இரும்பு ஆக்சிஜனைக் கண்டவுடன் துருவாகிப் படிந்துவிடும். மாங்கனீசு மெதுவாகத்தான் ஆக்சிஜனேற்றம் அடையும். எனவே இரும்பு ஊற்றுக்குப் பக்கத்திலேயே இறங்கிவிட, மாங்கனீசு இன்னும் வெகுதூரம் பயணம் போய்க் கருப்பு ஆக்சைடாகப் படிகிறது. இரும்பு கலக்காத மாங்கனீசுப் படுகை கிடைப்பதற்கு இந்தச் சோம்பல்தான் காரணம். ஆக்சிஜன் இல்லாத ஆழ்நீர்ப் படுகைகளில் மாங்கனீசு நீண்ட காலம் கரைந்தே கிடந்து, ஆக்சிஜன் உள்ள விளிம்புக்கு வரும்போது படிவதும் உண்டு.

அந்தக் கருப்பு ஆக்சைடு புதைந்த பிறகு இரண்டு வழிகள் பிரிகின்றன. சேற்றில் உயிர்ப்பொருள் நிறைய இருந்தால், அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் மாங்கனீசு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மாங்கனீசு மறுபடி கரைந்து, சிதைந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பனேட்டோடு சேர்ந்து ரோடோக்ரோசைட்டாகப் படியும். உயிர்ப்பொருள் குறைவாக இருந்தால் ஆக்சைடு ஆக்சைடாகவே உறைந்துவிடும். இது நடப்பது கல் உருவாவதற்கு வெகு முன்னால், குளிர்ந்த சேற்றில். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து எந்தக் கனிமம் வரும் என்பது பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

சிலிகேட்டுக்கு வேண்டிய சிலிக்கா எங்கிருந்து வருகிறது? திறந்த கடலில் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்கள் சிலிக்காவால் கூடு கட்டிக்கொள்கின்றன. அவை இறந்து மழைபோல் கடலடியில் விழுந்து, செறிந்து, செர்ட் என்ற கடினமான பாறையாகின்றன. மாங்கனீசுப் படுகை செர்ட்டுக்கு நடுவில் மெல்லிய அடுக்காக மாட்டிக்கொள்வது உலகெங்கும் காணக்கூடிய அமைப்பு. ஜப்பானில் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். கடல்தட்டு கண்டத்தின் அடியில் புகுந்தபோது மேலிருந்த செர்ட்டும் மாங்கனீசும் சுரண்டப்பட்டு ஜுராசிக் காலத்தில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. பின்னர் கிரெட்டேசியஸ் காலத்தில் கிரானைட் குழம்பு கீழிருந்து ஏறி, அந்தப் பாறைகளைச் சுட்டது.

சூடேறும்போது நடக்கும் வினை எளிமையானது. ரோடோக்ரோசைட்டும், செர்ட்டில் இருக்கும் சிலிக்காக் கனிமமான குவார்ட்ஸும் சேர்ந்து மாங்கனீசு சிலிகேட் ஆகின்றன. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சுண்ணாம்புக்கல்லும் குவார்ட்ஸும் சேர்ந்து வொலாஸ்டனைட் ஆவதும் இதே வகை வினைதான். ஆனால் மாங்கனீசுக்கு அதைவிடக் குறைந்த வெப்பம் போதும். எவ்வளவு வெப்பம் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது வெளியேறும் வாயுவைப் பொறுத்தது. பாறை இடுக்குகளில் கார்பன் டை ஆக்சைடு அடைத்துக்கொண்டு நின்றால் வினை தடைபடும், அதிக வெப்பம் தேவைப்படும். வெளியிலிருந்து நீர் ஓடிவந்து அந்த வாயுவை நீர்த்துப்போகச் செய்து அடித்துக்கொண்டு போனால், வினை தாழ்ந்த வெப்பத்திலேயே நடந்துவிடும். இதனால் ஒரே மலையில், ஒரே சூட்டில், ஒரு விரிசலுக்குப் பக்கத்தில் சிலிகேட்டும் பத்தடி தள்ளி மாறாத கார்பனேட்டும் கிடக்கக் காணலாம்.

அடுத்து சிலிக்காவின் அளவு. சிலிக்கா போதாமல் மாங்கனீசு மிஞ்சினால் டெஃப்ரோயைட் என்ற வேறொரு சிலிகேட் உருவாகும். அதில் ஒரு சிலிக்கானுக்கு இரண்டு மாங்கனீசு. ஒலிவின் குடும்பத்தைச் சேர்ந்தது, சாம்பல் நிறம். டெஃப்ரோயைட்டும் குவார்ட்ஸும் ஒருபோதும் சமாதானமாகப் பக்கத்தில் இருக்காது. தொட்டால் இரண்டும் வினைபுரிந்து ரோடோனைட்டோ பைராக்ஸ்மாங்கைட்டோ ஆகிவிடும். செர்ட் அடுக்கிலிருந்து கார்பனேட் அடுக்கை நோக்கி ஒரு கல்லை அறுத்துப் பார்த்தால் இந்த வரிசை நிறங்களாகவே தெரியும்: முதலில் வெண்மையான குவார்ட்ஸ், பிறகு இளஞ்சிவப்புச் சிலிகேட், பிறகு சாம்பல் நிற டெஃப்ரோயைட், கடைசியில் வெளிர் ரோடோக்ரோசைட். சிலிக்கா எவ்வளவு தூரம் ஊடுருவியது என்பதற்கு அந்தப் பட்டைகளே அளவுகோல். சில சென்டிமீட்டருக்குள் இத்தனை வேதியியல் அடங்கியிருப்பதால் நானெல்லாம் மெருகேற்றிய நகைக்கல்லைவிட இந்த அறுத்த துண்டுகளைத்தான் விரும்பிப் பார்ப்பேன்.

ஜப்பானில் ஐச்சி மாகாணத்தின் டாகுச்சி சுரங்கம் பைராக்ஸ்மாங்கைட்டுக்குப் பேர்பெற்றது. ஒளி ஊடுருவும் சிவப்புப் படிகங்கள் அங்கே கிடைத்தன. ஆனால் அது இருப்பது ரியோகே மண்டலம். உயர் வெப்பம், தாழ் அழுத்தம் என்று பாடநூல்களே சொல்லும் இடம். அழுத்தம்தான் பைராக்ஸ்மாங்கைட்டை உண்டாக்கும் என்றால் இங்கே அது இருக்கவே கூடாது. இங்கேதான் சேர்க்கையின் பங்கு தெரிகிறது. ஆழ்கடல் செர்ட்டோடு வந்த மாங்கனீசில் கால்சியம் மிகக் குறைவு. ரோடோனைட்டைத் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. மக்னீசியமும் இரும்பும் சிறிதளவு இருந்தாலே ஏழு வரிசைக்குப் போதுமானது. 'பைராக்ஸ்மாங்கைட் கிடைத்தது, ஆகவே உயர் அழுத்தம்' என்று சில விற்பனைக் குறிப்புகளில் எழுதியிருப்பதைப் பார்த்தால் நம்பாதீர்கள்.

மறுபக்கம், கால்சியம் தாராளமாக இருக்கும் இடங்கள். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் ஈயம், துத்தநாகம், வெள்ளித் தாதுக்களோடு ரோடோனைட்டும் பைராக்ஸ்மாங்கைட்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. பளபளக்கும் ஈயத் தாதுவுக்குள் புதைந்த சிவப்புப் படிகங்கள் சேகரிப்பாளர்களின் கனவு. அங்கே பாறைகள் மிகக் கடுமையான உருமாற்றத்துக்கு ஆளானவை. அடுக்குக்கு அடுக்கு கால்சியமும் இரும்பும் மாறுவதால் கனிமமும் மாறுகிறது. ரஷ்யாவின் யூரல் மலைகளில் யெகாதெரின்பர்க் அருகே கிடைக்கும் ரோடோனைட் பாறையோ வேறு வகை. படிகம் அழகாக இருக்காது, ஆனால் பெரிய பாளங்களாக வெட்டலாம். இரண்டாம் அலெக்சாந்தரின் மனைவி, பேரரசி மரியா அலெக்சாந்த்ரோவ்னாவின் கல்லறைப் பேழை பீட்டர்ஸ்பர்க் தேவாலயத்தில் அந்தக் கல்லில்தான் செய்யப்பட்டிருக்கிறது. மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத் தூண்களிலும் அதைப் பார்க்கலாம்.

இப்போது ஆக்சிஜன். சேற்றில் உயிர்ப்பொருள் குறைவாக இருந்து கருப்பு ஆக்சைடு அப்படியே உறைந்த வழியை மேலே விட்டுவிட்டேன். அந்தப் பாறை சூடேறும்போது ரோடோனைட்டும் வராது, பைராக்ஸ்மாங்கைட்டும் வராது. இரண்டுக்கும் இரண்டு நேர்மின்சுமை கொண்ட மாங்கனீசு வேண்டும். ஆக்சிஜன் மிகுந்த பாறையில் மாங்கனீசு மூன்றோ நான்கோ மின்சுமையோடு இருக்கும். அங்கே வருவது பிரவுனைட் போன்ற கருப்புக் கனிமங்கள். களிமண்ணிலிருந்து அலுமினியம் கிடைத்தால் ஸ்பெஸார்டின் என்ற மாங்கனீசு கார்னெட் வரும். மாங்கனீசின் ஒரு பகுதியை இரண்டு மின்சுமை நிலையில் பிடித்து வைக்கும் திறமை அதற்கு உண்டு.

இதற்கு உலகிலேயே சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட், சிந்துவாரா, மகாராஷ்டிரத்தின் நாக்பூர், பண்டாரா மாவட்டங்களில் பரவியிருக்கும் சௌசர் தொகுதிப் பாறைகளில் ஸ்பெஸார்டினும் குவார்ட்ஸும் கலந்த பாறை ஒன்று உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த லூயிஸ் லே ஃபெர்மர், 1909இல் வெளியான தன் பெரும் ஆய்வறிக்கையில் அதற்கு அங்கே வாழும் கோண்டு மக்களின் பெயரால் 'கோண்டைட்' என்று பெயரிட்டார். மாங்கனீசுச் சேறும் மணலும் உருமாறியதே இந்தப் பாறை என்ற அவருடைய முடிவு இன்றும் நிற்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில், விசாகப்பட்டினம் பகுதியில் கிடைத்த 'கோடுரைட்' பற்றி அவர் சொன்னது அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. அதை எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்த பாறை என்று அவர் கருதினார். பின்னர் வந்தவர்கள் அதையும் உருமாற்றத்தின் விளைவாகவே பார்க்கிறார்கள். இந்தியாவில் மாங்கனீசுச் சுரங்கத் தொழில் 1890களின் தொடக்கத்தில் தலையெடுத்தது அந்த விசாகப்பட்டினம் பகுதியில்தான்.

கோண்டைட்டுக்கு நேர் எதிரான பாறை பிரேசிலில், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. கொன்செல்யேரோ லாஃபாயெத் என்று இன்று அழைக்கப்படும் ஊரின் பழைய பெயர் கெலூஸ். அதை வைத்து ஆர்வில் டெர்பி என்ற புவியியலாளர் அந்தப் பாறையைக் 'கெலூசைட்' என்றார். ரோடோக்ரோசைட், டெஃப்ரோயைட், ரோடோனைட், பைராக்ஸ்மாங்கைட், ஸ்பெஸார்டின் எல்லாம் அதில் உண்டு. பக்கத்துப் பாறைகளில் கிராஃபைட் இருக்கிறது. அதாவது அங்கே உயிர்ப்பொருள் இருந்திருக்கிறது, ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கிறது. இரண்டு இடங்களிலும் மாங்கனீசு ஒன்றே, சிலிக்கா ஒன்றே, உருமாற்றமும் கடுமையானதே. சேற்றில் இருந்த கார்பனின் அளவு வேறு. அதனால் ஓரிடத்தில் கருப்புத் தாது, மற்றோரிடத்தில் இளஞ்சிவப்புக் கல். இந்தியாவிலும் ரோடோனைட் இல்லாமல் இல்லை. சிந்துவாரா பகுதியின் கோவாரி வதோனா போன்ற சுரங்கங்களில் மாங்கனீசு சிலிகேட் பாறைகள் விரிவாக ஆராயப்பட்டிருக்கின்றன. ஆனால் சௌசர் பாறைகளின் பொதுவான முகம் கருப்புதான்.

சுரங்கம் வைத்திருப்பவருக்கு அந்தக் கருப்புதான் லாபம். தூய மாங்கனீசு சிலிகேட்டில் எடைக்கு ஏறக்குறைய 42 விழுக்காடு மாங்கனீசு இருக்கிறது. கேட்க நன்றாக இருந்தாலும் சிலிக்காவின் பிடியிலிருந்து மாங்கனீசைப் பிரித்தெடுப்பது கடினம், செலவு அதிகம். இயற்கையே மழையாலும் காற்றாலும் சிலிகேட்டைச் சிதைத்து ஆக்சைடாக மாற்றிக் கொடுத்தால்தான் தோண்டுவார்கள். லாஃபாயெத்தில் முதலில் தோண்டியது அப்படிச் சிதைந்த மேல்தோலைத்தான். உங்கள் கல்லில் கருப்பு நரம்புகள் ஓடுகின்றன என்றால் அதுவும் அதே சிதைவின் தொடக்கம்.

உருமாற்றம் தவிர இன்னொரு வழியும் உண்டு: வெந்நீர் நரம்புகள். கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் சன்னிசைடு என்ற பழைய சுரங்கத்தில் தங்கமும் வெள்ளியும் ஈயமும் இருக்கும் நரம்புகளோடு பைராக்ஸ்மாங்கைட்டும் ரோடோக்ரோசைட்டும் தடிமனாகப் படிந்திருந்தன. எரிமலைப் பகுதியில் விரிசல்களின் வழியே ஏறிய வெந்நீரிலிருந்து அவை நேரடியாகவே படிந்தன. அங்கே ஆழமும் இல்லை, பெரிய அழுத்தமும் இல்லை. சுரங்கக்காரர்களுக்கு அது தாதுவோடு கூடவே வந்து தொல்லை கொடுக்கும் பயனற்ற பாறை. வெப்பம் தாழ்ந்திருந்தால் ஏழு வரிசையே நிலையானது என்று ஆய்வக முடிவுகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

வேகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதற்குச் சந்திரன் சாட்சி. 1969இல் அப்போலோ 11 கொண்டுவந்த பாறைகளில் இதே ஏழு வரிசைச் சங்கிலியோடு, ஆனால் மாங்கனீசுக்குப் பதில் இரும்பைக் கொண்ட கனிமம் ஒன்று கிடைத்தது. பைராக்ஸ்ஃபெரோயைட் என்று பெயர் வைத்தார்கள். அது நிலைத்திருக்க உயர் அழுத்தம் தேவை. சந்திரனின் மேற்பரப்பில் அவ்வளவு அழுத்தம் எங்கே? எரிமலைக் குழம்பின் கடைசித் துளிகள் வேகமாக உறைந்தபோது, நிலையான கனிமங்களாகப் பிரிந்துகொள்ள நேரம் கிடைக்காமல் அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகக் குளிர்ந்த குழம்புகளில் அது பைராக்ஸீன், இரும்பு ஒலிவின், சிலிக்கா என்று மூன்றாக உடைந்துபோகிறது. பூமியின் மாங்கனீசு நரம்புகளிலும் சில படிகங்கள் இப்படி அவசரத்தில் பிறந்தவையாக இருக்கலாம். எனவே கனிமத்தை வைத்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணக்கிடுபவர்கள் முதலில் அது பொறுமையாக வளர்ந்ததா என்று பார்ப்பார்கள்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாணிக்கக் கல்லில் ஒரு விழுக்காடு அளவு குரோமியமே அடர் சிவப்பைத் தந்துவிடுகிறது. எடையில் ஐந்தில் இரண்டு பங்கு மாங்கனீசு இருந்தும் உங்கள் கல் வெறும் இளஞ்சிவப்பாக இருப்பது ஏன்? இரண்டு மின்சுமை கொண்ட மாங்கனீசில் நிறத்தைத் தீர்மானிக்கும் ஐந்து எலக்ட்ரான்கள் ஐந்து அறைகளில் ஒரே திசையில் சுழன்றபடி ஆளுக்கொன்றாகக் குடியிருக்கின்றன. ஒளியை உறிஞ்ச வேண்டுமானால் ஒன்று தன் சுழற்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். குவாண்டம் விதிகள் அதை ஏறக்குறையத் தடுக்கின்றன. அதனால் உறிஞ்சல் மிகவும் பலவீனம், நிறமும் வெளிறல். பூசி மறைத்தது போல அடர்த்தியான இளஞ்சிவப்பில் யாராவது மலிவாக 'ரோடோனைட் மணிமாலை' விற்றால் சாயம் ஏற்றியதா என்று சந்தேகப்படுங்கள். இந்தக் கல் இதய நோயைத் தீர்க்கும் என்று கூடவே சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

இனி உங்கள் கல்லுக்கு வருவோம். கல்லைச் சேதப்படுத்தாமல் பார்க்க வேண்டுமானால், லேசர் ஒளி கல்லில் பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலை போதும். ஓரளவு பெரிய இரத்தினக்கல் ஆய்வகங்களில் அந்தக் கருவி இருக்கும். இரண்டு கனிமங்களின் சங்கிலிகள் வேறாக அதிர்வதால் நிறமாலையில் கோடுகள் இடம் மாறித் தெரியும். சிறு துணுக்கு ஒன்றை இழக்கச் சம்மதம் என்றால் எக்ஸ்-கதிர்ப் பொடிமுறை இன்னும் உறுதி. புவியியல் துறை உள்ள கல்லூரியில் யாராவது மெல்லிய சீவலாக அறுத்து முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்கவும் முடியும். ஒளியச்சுகளுக்கு இடைப்பட்ட கோணம் ரோடோனைட்டில் பொதுவாக 60 பாகைக்கு மேல் இருக்கும், பைராக்ஸ்மாங்கைட்டில் 35 முதல் 46 பாகை வரை. பழைய முறைதான், ஆனால் பழகிய கைக்கு இது போதும்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது கால்சியத்தின் அளவையும் கேட்டு வாங்குங்கள். காரணம், 2019இல் ரோடோனைட் தொகுதிக்கான பெயரிடும் விதிகள் திருத்தப்பட்டன. ஐந்து வரிசைக் கட்டமைப்பில் மாங்கனீசு உட்காரும் இடங்கள் ஐந்து. அவற்றில் மிகப் பெரிய இடத்தில் கால்சியம் மேலோங்கியிருந்தால் மட்டுமே இனி அது ரோடோனைட். அந்த இடத்திலும் மாங்கனீசே மேலோங்கியிருந்தால், பின்லாந்தில் முதலில் அடையாளம் காணப்பட்ட சுரங்கத்தின் பெயரால் விட்டிங்கைட். மற்றோர் இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டால் ஃபெரோரோடோனைட். ஆக, இணையத்தில் நீங்கள் பார்த்த 'ஒரே வாய்பாடு' என்ற செய்தி பழைய கணக்கு. இன்றைய விதிப்படி பைராக்ஸ்மாங்கைட்டின் நேரடி இரட்டை விட்டிங்கைட்தான். எக்ஸ்-கதிர் உங்களுக்கு ஐந்தா ஏழா என்று சொல்லும். ஐந்து என்று வந்தால், எலக்ட்ரான் நுண்துருவி கொண்டு கால்சியத்தை அளந்த பிறகே சீட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்று முடிவு செய்ய முடியும்.